அரிசி மாவுக் கோடு

ஏப்ரல் 5, ஞாயிறு

இந்த டைரி உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. மில்லில் மிளகாய்த் தூசி படிந்து கிடந்தது. இன்று தட்டி எடுத்ததற்குக் காரணம் உலகம்மாள். "சாப்பிடுத எடத்துல ஹாக்கி பேசப்பிடாது. அம்புட்டு ஆசையா இருந்தா எங்கயாச்சும் எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டாள். பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் நான்தான்.

எனவே எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன். எழுத்து எனக்குப் புதிதில்லை.

கோடை லீக் இன்று ஆரம்பித்தது. எங்கள் கோவில்பட்டியில் தெருவுக்கு ஒரு ஹாக்கி கிளப். எங்கள் கிளப் நியூ ஃபிரண்ட்ஸ். நான் பிறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தது. இன்னும் நியூ. கோடைக் கோப்பையைக் கடைசியாக வாங்கியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது அது நரைத்தும் விட்டது. நான் ஆடியதில்லை, உடம்பு வாகு அப்படி. ஆனால் மாவு மில் மோட்டாருக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை என்னுடையது. மைதானத்தில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

இன்று 3-1. ஜெயம். ஒரு கோல் போனது அம்பயரால். அதை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாம்.

ஏப்ரல் 8, புதன்

விடிகாலையில் விசில் சத்தம் கேட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பில் குக்கரே இல்லை. உலகம்மாளிடம் சொன்னதற்கு, "ஒங்க காது மில்லோட போச்சு" என்றாள். சொல்லிவிட்டு ஏன் சிரிப்பை அடக்கினாள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

மறுபடியும் விசில். இந்தத் தடவை மொட்டை மாடியில். போய்ப் பார்த்தால் மகள் செண்பகம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரமே இல்லாத துணி.

ஏப்ரல் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதினாலாவது விளங்குகிறதா பார்ப்போம்.

சித்திரை பிறக்கப்போகிறது என்று ஊரே மிளகாய் திரிக்க வந்துவிட்டது. மூன்று மணிக்கு மில்லைப் பூட்டும்போது கண் இரண்டும் கோவைப்பழம். அப்படியே ஓடினேன். ஆட்டம் தொடங்கிவிட்டது. என் வழக்கமான இடத்தில், அந்தோணி அண்ணாச்சிக்குப் பக்கத்தில், துண்டைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தோணி அண்ணாச்சி ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நான் கத்துவேன், அவர் தலையாட்டுவார். எங்கள் கூட்டணி அவ்வளவுதான்.

எங்கள் கேப்டன் கார்த்தீஸ்வரன் பந்தை எடுத்துக்கொண்டு போகிறான். வழியே திறந்து கிடக்கிறது. விசில். ஃபவுலாம். யாரென்று பார்த்தால் மஞ்சள் டீ-சர்ட், தொப்பி, ஒல்லியாக ஒரு அம்பயர். கண்ணீர் வழியே எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எழுந்து நின்றேன்.

"ஏல மஞ்சச் சட்ட! கண்ணா புண்ணால அது? ஒன்னயப் பெத்தவன் எவம்ல? அவனக் கூட்டிட்டு வால, நான் கேக்குதேன்!"

எப்போதும் இப்படிக் கத்தினால் நாலு பேராவது சிரிப்பார்கள். இன்று மைதானமே அமைதி. அந்தோணி அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"கூட்டிட்டு வரவேண்டாம்வே. வந்துதான் இருக்கான்."

மஞ்சள் சட்டை திரும்பியது. மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்தால் வீட்டில் ஒரு முறைப்பு வரும். அதே முறைப்பு. செண்பகம்.

அதற்குப் பிறகுதான் கூட்டம் சிரித்தது. இப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

1-1. யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

வீட்டில் மூன்று பேரும் சோற்றுக்கு உட்கார்ந்தோம். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"ஏன்த்தா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

உலகம்மாள் முந்திக்கொண்டாள். "ஒங்க வாய்க்குப் பயந்துதான் சொல்லல. நீங்க அம்பயருங்கள என்னன்ன பேசுவீங்கன்னு அவளுக்குத் தெரியாதா? ஒங்க தோள்ல ஒக்காந்து கேட்டு வளந்த பிள்ளதான?"

"சாப்பிடுத எடத்துல ஹாக்கி பேசப்பிடாதுன்ன?"

"ஹாக்கியதான் சொன்னேன். இது அம்பயர் விசயம்."

செண்பகம் தட்டைப் பார்த்தபடி, "யப்பா, அது ஃபவுல்தான். கார்த்தீஸ் முதுக வச்சு பந்த மறச்சான்" என்றாள்.

மறைத்தானா? எனக்குத் தெரியவில்லை. என் கண்ணில் மிளகாய்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. கோயிலுக்குப் போனோம். நியூ ஃபிரண்ட்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வழக்கம்போல் வேண்டிக்கொண்டேன். பிறகு செண்பகம், எங்கள் செம்பா, தப்பில்லாமல் ஊத வேண்டும் என்றும் வேண்டினேன். வெளியே வந்து செருப்பு போடும்போது ஒரு சந்தேகம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வந்தால் அம்மன் எதை எடுத்துக்கொள்வாள்? திரும்பிப் போய்த் தெளிவாகச் சொல்லிவிட்டு வரலாம் என்றால், எதைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

2-0 ஜெயம். செம்பாவுக்கு இன்று வேறு மைதானம். அப்பாடா என்று தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். அம்பயர் ஒரு கார்னரை விட்டுவிட்டார், நிச்சயமாக விட்டுவிட்டார். வாயைத் திறந்தேன். அந்த மனுஷனுக்கும் எங்கேயோ ஒரு அப்பா மாவு திரித்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பு வந்தது. வாய் மூடிக்கொண்டது.

அந்தோணி அண்ணாச்சி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காச்ச ஏதும் இல்லையே?"

ஏப்ரல் 26, ஞாயிறு

எங்கள் ஆட்டம், செம்பா விசில். அவளுக்கு எதிர்க் கோடியில் போய் உட்கார்ந்தேன். ஒரு அம்பயருக்கு மைதானத்தில் பாதிதான் பொறுப்பு. அவள் பாதியை நான் பார்க்காவிட்டால் வம்பில்லை என்று ஒரு கணக்கு.

அவள் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் கோல் கீப்பராக இருந்தவள். மாநில அணிக்குப் போகவேண்டிய வருஷம் வலது முட்டி போயிற்று, ஆட்டமும் போயிற்று. இப்போது பக்கவாட்டில் ஓடும்போது அந்தக் காலை லேசாக இழுக்கிறாள். வேறு யாருக்கும் தெரியாது. 2-1 ஜெயம் என்று எல்லாரும் குதித்தார்கள். நானும் குதித்தேன், கொஞ்சம் தாமதமாக.

மே 3, ஞாயிறு

ஆட்டம் இல்லை. கரண்ட் இல்லை. மில் இல்லை. வெயில் உண்டு.

மே 10, ஞாயிறு

நியூ ஃபிரண்ட்ஸ் செமி ஃபைனல்! 4-2. கார்த்தீஸ்வரன் மட்டும் மூன்று. தெருவில் வெடி போட்டார்கள். நானும் ஒரு சரம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு முன்னால் வெடித்ததில் உலகம்மாள் வெளியே வந்து வாங்கியவன் யார் என்று கேட்டாள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் நியூ ஃபிரண்ட்ஸ்.

சாயங்காலம் செம்பாவும் ஒரு செய்தி சொன்னாள். மெட்ராஸிலிருந்து ஆல்பர்ட் சார் என்று ஒருவர் வருகிறாராம். அம்பயர்களுக்கு மார்க் போடுகிறவர். செமி ஃபைனலில் அவள் ஊதுவதைப் பார்ப்பார். தேறினால் மாநில அம்பயர் பட்டியலில் பெயர் வரும்.

"அதுல பேரு வந்தா என்னத்தா கிடைக்கும்?"

"எல்லா ஊருக்கும் கூப்பிடுவாங்கப்பா. பெரிய மேட்ச் ஊதலாம்." பிறகு, "முட்டி போனப்ப, இனிமே கிரவுண்டுக்கு வெளியத்தான்னு நெனச்சேன். இப்ப உள்ளயே நிக்கலாம்லா" என்றாள்.

நான் எழுந்து மோட்டாரை அணைக்கப் போனேன். மோட்டார் ஓடவே இல்லை.

எங்கள் செமி ஃபைனலைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "இந்த ஊருல எல்லா அம்பயரும் ஏதோ ஒரு தெருவுக்குப் பொறந்தவங்கதான்" என்று லீக் செயலாளர் சங்கரபாண்டியன் சொல்லிவிட்டாராம்.

"யப்பா, அன்னைக்கு மட்டும் வாயத் தொறக்கப்பிடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

மே 14, வியாழன்

சங்கரபாண்டியன் மில்லுக்கு வந்தார். மைதானத்துக்குக் கோடு போடுகிறவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போகிறாராம். "நீருதான் சும்மா ஒக்காந்து சத்தம் போடுதீரு, இந்தத் தடவ கோடு போடும்" என்றார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். கையில் வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கும்.

மே 16, சனி

கோடை மழை. மில்லின் ஓடு ஒழுகியது. கடலை மாவு இரண்டு வாளி பாழ்.

மே 17, ஞாயிறு

முதலில் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ஹாக்கியில் கோலுக்கு முன்னால் அரை வட்டமாக ஒரு கோடு. டி என்பார்கள். அந்த டிக்குள்ளே நின்று அடித்தால்தான் கோல். வெளியே நின்று அடித்த பந்து நேரே போய் விழுந்தாலும் கணக்கில் வராது. கோல் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடந்தால் டி வந்துவிடும்.

காலையில் மைதானத்துக்குப் போனால் சுண்ணாம்புப் பொடி மூட்டை நேற்று மழையில் நனைந்து பாறையாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறக்கவில்லை. சங்கரபாண்டியன் தலையில் கை வைத்தார். எனக்கு ஒரு யோசனை. என் வாழ்க்கையில் யோசனை வந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று உலகம்மாளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மில்லில் வண்டு விழுந்த அரிசி மாவு ஒரு மூட்டை இருந்தது. கொண்டுவந்து கோடு போட்டேன்.

மழை பெய்த செம்மண்ணில் அந்த வெள்ளையைப் பார்க்க வேண்டும். "மார்கழிக் கோலம் மாதிரில்லா இருக்கு" என்று சங்கரபாண்டியனே சொன்னார். ஆல்பர்ட் சார் வந்து, நல்ல கோடு என்று தலையாட்டினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியம்.

ஆட்டம் மேலத் தெரு யுனைடெட் கூட. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல். செம்பா நன்றாக ஊதினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆல்பர்ட் சார் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு திரிக்கிறவனுக்கு நைஸா கொரகொரப்பா என்று தொட்டால் தெரியும். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இடைவேளையில் எல்லாரும் சர்பத் வண்டிக்குப் போனார்கள். நானும் போனேன். திரும்பிப் பார்த்தால், தண்ணீர் டேங்க் பக்கத்துக் கோலில் ஆடு. ஐந்தாறு இருக்கும். தலையைக் குனிந்து, வரிசையாக, ஒழுங்காக, என் கோட்டை நக்கிக்கொண்டே வருகின்றன. கோடு போட நான் எப்படி நடந்தேனோ அதே வளைவில் நடக்கின்றன. சர்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி விரட்டுவதற்குள் டியின் வலது பக்கம் முழுக்கச் செம்மண்.

அது செம்பாவின் பாதி. அவளும் பார்த்தாள். சங்கரபாண்டியனிடம் போய்க் கோடு போட்டால்தான் ஆட்டம் என்றாள். மூட்டையில் மாவு இல்லை. மில்லுக்குப் போய் வர நேரமாகும். "மேகம் கெட்டுதும்மா, ஆட்டத்த முடிச்சிருவோம். எல்லாரும் பாத்த கோடுதான?" என்றார் அவர். செம்பா வானத்தைப் பார்த்தாள், கோடில்லாத மண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. விசில் ஊதினாள்.

முடிய ஒரு நிமிஷம் இருக்கும். கார்த்தீஸ்வரன் வலது பக்கமாக இரண்டு பேரைத் தாண்டி வந்து, விழுந்துகொண்டே ஒரு அடி. வலை அதிர்ந்தது. நான் எழுந்துவிட்டேன். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நீள விசில். செம்பா கையைக் கோலுக்கு எதிர்ப் பக்கம் நீட்டினாள்.

வெளியே நின்று அடித்தானாம். கோல் இல்லை.

0-1. தோல்வி.

இருபது பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கோடு எங்க, கோட்டக் காட்டு!" என்று கத்தினார்கள். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "மாமா, நீங்கதான கோடு போட்டீங்க! நீங்க சொல்லுங்க! உள்ளயா, வெளியயா?"

என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சத்தியத்துக்காக இல்லை. எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷமாக இந்த மைதானத்தில் உட்கார்ந்து உள்ளே வெளியே என்று அடித்துச் சொன்னவன். எந்தச் சந்தேகமும் ஒருநாளும் வந்ததில்லை. இன்று கண் முன்னால் நடந்தது தெரியவில்லை.

நாளை பத்து மணிக்கு ஆல்பர்ட் சார் முன்னால் பேசித் தீர்ப்பது என்று முடிவாகியிருக்கிறது.

மே 18, திங்கள்

விடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு தனியாக மைதானத்துக்குப் போனேன். பால் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பால் வாங்கக் கயிறு எதற்கு என்று உலகம்மாள் கேட்கவில்லை.

ஈர மண்ணில் கார்த்தீஸ்வரன் அடித்த இடம் அப்படியே இருந்தது. மட்டை கீறிய பள்ளம், அதை ஒட்டி அவன் முழங்கை தேய்ந்த தடம். கோல் கம்பத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பள்ளத்தைத் தாண்டி ஒரு சாண் போய் நின்றது.

உள்ளே. ஒரு சாண் உள்ளே. கோல்.

கயிறு நீண்டிருக்கும் என்று நினைத்தேன். அவிழ்த்து முடிச்சை இறுக்கிக் கட்டினேன். அதே சாண். கொஞ்சம் தளர்த்திப் பிடித்துப் பார்த்தேன். பள்ளம் வெளியே போய்விட்டது. இழுத்துப் பிடித்தால் என் டீம் சரி, தளர்த்திப் பிடித்தால் என் மகள் சரி. தளர்த்திப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். கோடு போடும்போது எந்த மனுஷனாவது கயிற்றைத் தளர்த்திப் பிடிப்பானா? இருக்கலாம். நான் நேற்று எப்படிப் பிடித்தேன்? இழுத்துத்தான் பிடித்தேன், கை கன்றிப்போகும்படி. ஆனால் அதை யார் பார்த்தார்கள்?

ஆடு பார்த்தது.

ஆயுசெல்லாம் அம்பயரைத் திட்டியிருக்கிறேன். இதுதான் முதல் தடவை, கயிறு போட்டு அளந்து, சந்தேகமில்லாமல் அம்பயர் தப்பு. திட்ட முடியவில்லை. கோடு போட்டவனைத் திட்டலாம் என்றால் அதுவும் நான்தான்.

வீட்டுக்கு வந்தேன். செம்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி தூங்கியதாகத் தெரியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டில் எதில் போவது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்வரை முடிவு செய்யவில்லை. அப்புறமும் செய்யவில்லை. அவளே கேட்டுவிட்டாள்.

"கிரவுண்டுக்குத்தான போனீங்க?"

"பாலு…"

"யப்பா. உள்ளயா, வெளியயா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ள" என்றேன். "ஒரு சாண். ஆனா கயிறு ஈரத்தா. ஈரக் கயிறு இழுத்தா நீளும். நான் சொல்லுதேன் அவுககிட்ட, தெரியலைன்னு. உண்மையிலயே நேத்து எனக்குத் தெரியலதான? அது பொய்யில்லல்லா?"

"இப்பத் தெரியும்லா?"

உலகம்மாள் சட்னிக் கரண்டியோடு நின்றிருந்தாள். செம்பா மீதி இட்லியைச் சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவினாள். "நீங்க எனக்காக ஒண்ணும் பேசவேண்டாம். ஒங்க டீமுக்காகவும் பேசவேண்டாம். கயிற மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பத்து மணிக்கு எல்லாரும் கோலுக்கு முன்னால் நின்றார்கள். நியூ ஃபிரண்ட்ஸ், மேலத் தெரு, சங்கரபாண்டியன், ஆல்பர்ட் சார். யாரும் கேட்பதற்கு முன்னால் செம்பா பேசினாள்.

"சார், அது கோல்தான். ஒரு சாண் உள்ள இருந்து அடிச்சிருக்கான். நான் குடுக்காதது தப்பு. எங்கப்பா அளந்து பாத்துட்டாங்க. நீங்களும் அளந்து பாருங்க."

அளந்தார்கள். ஆல்பர்ட் சாரே கயிற்றைப் பிடித்தார். இழுத்துத்தான் பிடித்தார்.

எங்கள் பையன்கள் சிலர் விசில் அடித்தார்கள். மேலத் தெருக்காரர்கள் கத்தினார்கள். ஆல்பர்ட் சார் கையை உயர்த்தினார். ஆட்டம் முடிந்து விசில் ஊதியாகிவிட்டது, முடிவு முடிவுதான், பிறகு எவ்வளவு அளந்தாலும் மாற்ற விதி இல்லை என்றார். நியூ ஃபிரண்ட்ஸ் வெளியே. அப்புறம் செம்பாவிடம் திரும்பினார்.

"கோடு இல்லாம ஏம்மா ஆட்டத்தை ஆரம்பிச்ச?"

"செயலாளர் சொன்னாங்க சார்."

"விசில் அவர் வாயிலயா இருந்துச்சு?"

செம்பா தலையைக் குனியவில்லை. "இல்ல சார். என் தப்புதான்."

"நீயா வந்து சொன்னது நல்ல குணம். குணத்துக்கு மார்க் கிடையாது. அடுத்த கோடைக்கு வந்து பார்க்கிறேன்." போகப் போனவர் நின்றார். "இன்னொண்ணு. அந்த கோலுக்கு ஊதுன விசில்ல ஒரு தயக்கம் இருந்தது. கேக்கறவனுக்கு உடனே தெரிஞ்சுடும். சந்தேகம் இருந்தாலும் பலமா ஊதணும். ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு முன்னாடி சின்னப் பொண்ணுங்க மேட்ச் ஒண்ணு இருக்கு. அதை ஊது."

பட்டியலில் பெயர் இல்லை. டீமும் இல்லை. ஒரு சாணில் இரண்டும் போயிற்று. சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு நடந்து வந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும்.

"மாவுக்குப் பதிலா சாம்பலப் போட்டிருக்கலாம்" என்றேன்.

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் போலிருக்கிறது.

மே 20, புதன்

கார்த்தீஸ்வரன் மல்லி திரிக்க வந்தான். அவனைப் பார்த்ததும் மோட்டாருக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன். என் அகலத்துக்கு அங்கே இடம் இல்லை.

"மாமா, எனக்கு நாலஞ்சு கோல இப்படிக் குடுக்காம விட்ருக்காங்க. ஒரு அம்பயரும் மறுநாள் வந்து தப்புன்னு சொன்னதில்ல" என்றான். "செம்பாகிட்ட சொல்லுங்க, எனக்குக் கோவம் இல்லன்னு."

"எம்மேல?"

"ஒங்க மேல இருக்கு. ஒங்களக் கிளப்புல இருந்து நீக்கணும்னு கூட்டத்துல பேசுனோம். நீங்க மெம்பரே இல்லன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

நைஸாகத் திரித்துக் கொடுத்தேன்.

மே 24, ஞாயிறு

ஃபைனலுக்கு மேலத் தெருவும் ரயில்வே காலனியும். எனக்கு இதில் வேலை இல்லை. ஆனாலும் சின்னப் பெண்கள் ஆட்டம் மூன்று மணிக்கு என்று கேள்விப்பட்டதும் மில்லைப் பூட்டினேன்.

கொளுத்தும் வெயில். சனம் எல்லாம் ஐந்து மணிக்குத்தான் வரும். மைதானத்தில் நானும், குடை பிடித்தபடி அந்தோணி அண்ணாச்சியும், பிள்ளைகளின் அம்மாமார் சிலரும் மட்டும். நீலச் சட்டை ஒரு பக்கம், சிவப்புச் சட்டை ஒரு பக்கம். பந்து எங்கே போகிறதோ அங்கே இருபது பிள்ளைகளும் போகிறார்கள்.

நடுவில் மஞ்சள் சட்டை. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு டியையும் சுற்றி நடந்து, குனிந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். முதல் விசில் என் காதுக்கே எட்டவில்லை. இரண்டாவது, யாரோ தூரத்தில் கூப்பிடுகிற மாதிரி. ஒரு நீலச் சட்டைப் பிள்ளை ஃபவுல் செய்துவிட்டு, விசில் கேட்காமல் பந்தைத் தட்டிக்கொண்டே போகிறாள். செம்பா விசிலை வாயில் வைத்தபடி ஒரு கணம் நின்றாள். அந்தக் கணத்தில் அவள் தண்ணீர் டேங்க் பக்கத்துக் கோலைப் பார்த்தாள்.

நான் எழுந்துவிட்டேன். சத்தியம் செமி ஃபைனலோடு முடிந்துவிட்டது.

"ஏ அம்பயரு! இன்னும் பலமா ஊது தாயி! ஒன்னயப் பெத்தவன் இங்கதான் இருக்கான், அவனுக்கே கேக்கல!"

அம்மாமார் திரும்பிப் பார்த்தார்கள். செம்பாவும் பார்த்தாள். அதே முறைப்பு. பிறகு ஊதினாள். ஓடிக்கொண்டிருந்த இருபது பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். அந்தோணி அண்ணாச்சியின் குடை ஆடியது.

"இப்ப எந்த டீமுக்குவே கத்துதீரு?" என்றார்.

"இருங்க அண்ணாச்சி, ஆட்டத்தப் பாருங்க" என்றேன். எந்த டீம் என்று எனக்கும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கடைசிவரை கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. பெரிய ஃபைனலுக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் உலகம்மாள் சுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "சின்னப் பிள்ளைக மேட்ச்சுல யாரு ஜெயிச்சா?"

யோசித்துப் பார்த்தேன். நீலமா, சிவப்பா?

"செம்பா ஒரே ஒரு தப்புதான் ஊதுனா" என்றேன்.

"அதயா கேட்டேன்?" என்றாள் உலகம்மாள்.